பிரேக்கில் கத்திய கொசு: அனலாக் சிந்த் பதிவு ஒன்றின் இரைச்சலைத் தேடிப் போன கதை

"தம்பி, மூணாவது நிமிஷத்துல டிரம்ஸ் நின்னு போகுது இல்ல, அங்க ஒரு கொசு கத்துது. கவனிச்சியா?"

பாட்டுக்குக் கடைசி மெருகு ஏற்றும் மாஸ்டரிங் வேலையைச் செய்து தரும் அண்ணன் போனில் இப்படிக் கேட்டபோது நான் கவனித்திருக்கவில்லை. ஒரு மாதமாக அதே பாட்டைக் கேட்டுக் கேட்டு என் காது அதற்குப் பழகிப்போயிருந்தது. போனை வைத்துவிட்டு, டிரம்ஸ் நிற்கும் அந்த எட்டு பார் இடைவெளியை, அதாவது பிரேக்கை, மட்டும் ஹெட்போனில் சத்தம் கூட்டிக் கேட்டேன். கொசு இருந்தது. அதற்குக் கீழே ஒரு 'ம்ம்ம்'. பக்கத்து வீட்டு மிக்ஸி போல ஒரு 'கர்ர்ர்'. எல்லாவற்றுக்கும் மேலே போர்வை விரித்த மாதிரி 'ஸ்ஸ்ஸ்'. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அடியில் மைக் வைத்துப் பதிந்ததைப் போல இருந்தது.

நான்கையும் ஒரே 'இரைச்சல்' என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. அதற்கு ஒரு வாரம் செலவானது.

முதலில் சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். இடம் சென்னை, வீட்டின் பின்னறை. ஒரு லேப்டாப், யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி), இரண்டு பவர்டு ஸ்பீக்கர். பேஸ் வரிகளுக்கு, அடாப்டரில் ஓடும் சின்ன அனலாக் மோனோ சிந்த் (ஒரு நேரத்தில் ஒரே சுரம் வாசிக்கும் சிந்தசைசர்). எந்தச் சுரம் எப்போது என்ற மிடி தகவலை அது லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி வழியாக வாங்கிக்கொள்ளும். கார்டுகளுக்கு, நண்பனிடம் இரவல் வாங்கிய 1980களின் தொடக்கத்து ஜப்பானிய பாலிசிந்த் (பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கலாம்). மிடி வருவதற்கு முந்தையது என்பதால் கையால்தான் வாசிக்க வேண்டும். ஜப்பானுக்குள் விற்ற மாடல், ஆகவே 100 வோல்ட். நம் 230 வோல்ட்டைக் குறைக்க, தரையில் செங்கல் கனத்தில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். (வோல்ட்தான் பிரச்சினை, ஹெர்ட்ஸ் இல்லை. ஜப்பானின் கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸிலும் மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸிலும் ஓடுவதால் அந்த ஊர்க் கருவிகள் இரண்டையும் தாங்கும்.) பாட்டில் மொத்தம் எட்டு சிந்த் டிராக்: ஐந்து பாலிசிந்த், மூன்று மோனோ.

வீணாய்ப் போன வாரம்

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒவ்வொரு டிராக்கிலும் ஒரு நாய்ஸ் கேட் மாட்டினேன். ஒலி ஒரு அளவுக்குக் கீழே போனால் கேட் கதவைச் சாத்திவிடும். பேஸ் வரிக்கு இது பரவாயில்லை. ஆனால் பேட் ஒலி (பின்னணியில் நீளமாக விரியும் கார்டு) ஐந்து நொடி இழுத்து, மெல்ல மெல்ல அந்த 'ஸ்ஸ்'ஸுக்குள்ளேயே கரைகிற ஒலி. கேட் அந்த வாலை வெட்டியது. ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைப் பொத்திய மாதிரி ஒரு நிறுத்தம். அடுத்த கார்டு தொடங்கும்போது இரைச்சலும் கூடவே குபுக்கென்று வந்தது. நின்று நின்று வரும் இரைச்சல் தொடர்ந்து இருக்கும் இரைச்சலை விட மோசம் என்று அன்றைக்குத்தான் காதால் தெரிந்துகொண்டேன். அறையில் ஃபேன் ஓடுவதை யாரும் கவனிப்பதில்லை, நிற்கும்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறோம்.

அடுத்து, இரைச்சல் நீக்கும் பிளக்-இன், ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்க்கும் ஒரு குட்டிக் கருவி. இரைச்சல் மட்டும் இருக்கும் ஒரு நொடியைக் காட்டினால் அதன் அச்சை எடுத்துக்கொண்டு, பாட்டு முழுவதிலும் அதைக் கழிக்கும். ஹம்முக்கு, அதாவது அந்த 'ம்ம்ம்'முக்கு, நன்றாகவே வேலை செய்தது. 'ஸ்ஸ்'ஸைக் கழித்தபோது பேட் முழுவதும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் குளுகுளுவென்று ஆனது. அதற்கான காரணம் அந்தச் சிந்தின் வயிற்றுக்குள் இருந்தது, பின்னால் வருகிறேன்.

மூன்றாவதாகச் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. லேப்டாப் சார்ஜரின் மூன்று முள் பிளக்கை, எர்த் இல்லாத ஒரு கன்வர்ட்டரில் சொருகினேன். 'எர்த்தைக் கழட்டு, ஹம் போயிடும்' என்பது மேடைக்காரர்களிடம் பரம்பரையாக வரும் வைத்தியம். ஸ்பீக்கரில் ஹம் போனது உண்மைதான். லேப்டாப்பின் உலோக விளிம்பில் கை பட்டதும் சுரீரென்றது. சார்ஜருக்குள் மின் குறுக்கீட்டை எர்த்துக்குத் தள்ளிவிடுவதற்கென்றே சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு உடம்பு வழியாக வழி தேடும். சார்ஜர் நல்ல நிலையில் இருக்கும்வரை அது கூச்சம் மட்டும்தான். உள்ளே ஏதாவது பழுதானால் அதே பெட்டி ஆளையே காவு வாங்கும். கன்வர்ட்டரை அன்றைக்கே குப்பையில் போட்டேன். ஹம்மைக் குறைக்க நூறு வழி இருக்கிறது, எர்த் முள்ளை மட்டும் யாரும் தொட வேண்டாம்.

மௌனத்தைப் பதிவு செய்தல்

இரண்டாம் வாரம் பிளக்-இன்களையெல்லாம் மூடிவிட்டு, எந்தச் சாவியையும் தொடாமல் ஒவ்வொரு சிந்தையும் முப்பது நொடி பதிவு செய்தேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனில் மட்டும் கேட்டேன். இது முக்கியம். ஸ்பீக்கரில் கேட்கும் ஹம் பதிவுக்குள் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. என் ஸ்பீக்கர் ஹம்மும் அப்படித்தான்: லேப்டாப் ஒரு சுவர் பிளக்கிலும் ஸ்பீக்கர் எதிர்ச் சுவர் பிளக்கிலும் இருந்ததால் இரண்டு எர்த்துக்கும் நடுவே வந்த சுற்று அது. இரண்டையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்ததும் அடங்கியது. பதிவில் அது துளியும் இல்லை. வாரம் முழுக்கத் தப்பான ஹம்மைத் துரத்தியிருக்கிறேன்.

பதிந்த மௌனத்தை, ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் போட்டதும் படம் தெளிவானது. மோனோ சிந்தில் 1000, 2000, 3000 ஹெர்ட்ஸ் என்று சீப்பின் பல் போல வரிசையாகக் கோடுகள். பாலிசிந்தில் 50-இலும் 150-இலும் இரண்டு குன்று. அவற்றின் பின்னால் தரை முழுவதும் புல் மாதிரி 'ஸ்ஸ்'. 'கர்ர்ர்' மட்டும் எதிலும் இல்லை. பதிவு செய்தது மத்தியான வேளை.

கொசு

ஆயிரம் என்ற முழு எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இசைச் சுரம் எதுவும் சரியாக 1000 ஹெர்ட்ஸில் உட்காராது, மின்சாரமாக இருந்தால் 50, 100, 150 என்று கீழிருந்தே பல் வரிசை தொடங்கியிருக்கும். யுஎஸ்பியின் சாதாரண வேகத்தில், கம்ப்யூட்டர் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் ஒரு முறை கருவிக்குக் கைதட்டிக் கூப்பிடும். நொடிக்கு ஆயிரம் தட்டு. (அதிவேக யுஎஸ்பியில் அது நொடிக்கு எண்ணாயிரம், அப்போது கொசு 8000-இல் கத்தும்.)

அந்தத் தட்டு ஆடியோவுக்குள் எப்படி வந்தது? மோனோ சிந்தின் கிரவுண்ட் யுஎஸ்பி கேபிள் வழியாக லேப்டாப்பைத் தொடுகிறது. அதே கிரவுண்ட் ஆடியோ கேபிளின் உறை (வயரைச் சுற்றியிருக்கும் செம்பு வலை) வழியாக இன்டர்ஃபேஸுக்குப் போய், இன்டர்ஃபேஸின் யுஎஸ்பி வழியாகத் திரும்பவும் அதே லேப்டாப்பைத் தொடுகிறது. வட்டம் மூடிவிட்டது. லேப்டாப்பின் உள் சத்தமெல்லாம் அந்த வட்டத்தில் ஊர்வலம் போகிறது. சிந்தின் ஆடியோ கேபிளில் சிக்னல் திரும்பி வரும் பாதைக்கும் கிரவுண்டுக்கும் பொதுவாக இருப்பது அந்த ஒரே உறைதான். ஆகவே உறையில் ஓடுவது சிக்னலோடு கலந்துவிடுகிறது.

சோதிப்பது சுலபம். சிந்திலிருந்து யுஎஸ்பியைப் பிடுங்கினேன். கொசு செத்தது. சொருகினேன், உயிர்த்தது. மூன்று முறை செய்து பார்த்தேன், சும்மா சந்தோஷத்துக்கு.

தீர்வு சிந்தின் பின்பக்கத்திலேயே இருந்தது: ஐந்து ஊசி மிடி சாக்கெட். 1983-இல் வந்த இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்கள் கிரவுண்ட் லூப்பை, அதாவது மேலே சொன்ன அந்த வட்டத்தை, அப்போதே யோசித்திருக்கிறார்கள். வாங்கும் பக்கத்தில் ஆப்டோ-கப்ளர் என்றொரு சின்னப் பொருள்: ஒரு புறம் குட்டி எல்இடி, மறுபுறம் ஒளியை உணரும் சில்லு. செய்தி வெளிச்சமாகத் தாண்டும், மின்தொடர்பு கிடையாது. கேபிளின் உறைகூட அனுப்பும் பக்கத்தில் மட்டும்தான் கிரவுண்டில் இணைந்திருக்கும். நாற்பது வருஷத்துக்கு மேலான, நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஊரும் ஒரு ஏற்பாடு, புது யுஎஸ்பி வயர் கொண்டுவந்த தலைவலியைத் தீர்த்தது. இன்டர்ஃபேஸின் மிடி அவுட்டிலிருந்து ஒரு கேபிள், அவ்வளவுதான். மிடி அவுட் இல்லாதவர்கள் யுஎஸ்பி ஐசொலேட்டர் போடலாம், அல்லது ஆடியோ கேபிளின் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். பின்னதில் மலிவுச் சரக்கு வாங்கினால் பேஸ் மெலியும். பேஸ் சிந்துக்கே பேஸ் போனால் எதற்கு.

செங்கல்லைத் திருப்பியது

'ம்ம்ம்' பாலிசிந்தில். 50-ஐ விட 150 உரக்கக் கேட்டது. கேபிளை மாற்றினேன், நல்ல உறை போட்டது வாங்கினேன், ஒன்றும் மாறவில்லை. அலுத்துப்போய் டிரான்ஸ்ஃபார்மரைக் காலால் தள்ளியபோது ஹெட்போனில் ஹம் அசைந்தது! ரேடியோவைத் திருப்பினால் ஸ்டேஷன் மங்குமே, அப்படி. குனிந்து அதைக் கையால் தொண்ணூறு டிகிரி திருப்பினேன். ஹம் பாதிக்கும் கீழே போனது.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசிவது காந்தப்புலம். செம்பு வலை மின்புலத்தைத் தடுக்கும், 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அதற்குள் சுவரில்லாத வீட்டில் நுழைவது போல நுழையும். இரும்பு உள்ளகம் நிரம்பும் விளிம்பில் ஓடும்போது ஒற்றைப்படை மடங்குகள், முக்கியமாக 150, தலைதூக்கும். இதற்கு மருந்து தூரமும் திசையும்தான். இரண்டு மீட்டர் தள்ளி, அறை மூலையில், பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். குன்று புல்லோடு புல்லாய்ப் போனது. செலவு பூஜ்யம்.

ஆனால் ஏற்கெனவே பதிந்தவற்றில் ஒரு டேக் இருந்தது, மறுபடி வாசிக்க வராதது. விரல் தவறிப்போய் அழகாக அமைந்துவிட்ட ஒரு கார்டு மாற்றம். பதினைந்து முறை முயன்றும் அந்தத் தவறைத் திரும்பச் செய்ய முடியவில்லை. அதை ஈக்யூவில்தான் (குறிப்பிட்ட அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவி) காப்பாற்ற வேண்டியிருந்தது. 50-க்குக் கவலையில்லை, அந்தக் கார்டில் 100-க்குக் கீழே எதுவுமே இல்லை, மொத்தமாக வெட்டினேன். 150-இல்தான் சிக்கல். கார்டின் அடிச்சுரம் டி3, அது 146.8 ஹெர்ட்ஸ். ஹம்மை நோண்டி எடுத்தால் சுரத்தின் கால் உடைகிறது. எவ்வளவு ஒல்லியான நாட்ச் (ஒரே அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் பள்ளம்) போட்டாலும் இழுத்துப் பிடித்த டி3 சோகை பிடித்தாற்போல் ஆனது. கடைசியில் கார்டு ஒலிக்கும்வரை 150-ஐத் தொடவில்லை, சுரமே அதை மறைத்துவிடுகிறது. வால் அடங்கும் கடைசி இரண்டு நொடியில் மட்டும் நாட்சை மெல்ல இறக்கினேன்.

ராத்திரிக்கு மட்டும் வரும் 'கர்ர்ர்'

இதைக் கண்டுபிடித்தது ஃபைல்களின் நேரத்தைப் பார்த்து. 'கர்ர்ர்' இருந்த இரண்டு டிராக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல் பதிந்தவை. பகலில் பதிந்த எதிலும் அது இல்லை. ராத்திரியில் என்ன வித்தியாசம்? டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மேஜை விளக்கை டிம்மரில் பாதி வைத்து வாசிப்பேன், மூட் வரவேண்டும் என்று.

டிம்மரில் இருப்பது டிரையாக் என்ற மின் சுவிட்ச். மின் அலையின் ஒவ்வொரு பாதியையும் நடுவில் படாரென்று திறந்துவிடும், நொடிக்கு நூறு முறை. அந்தப் படார் கூர்மையானது, அதனால் 100 ஹெர்ட்ஸிலிருந்து பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கிளை விடும். விளக்கின் வயரும் சிந்தின் ஆடியோ கேபிளும் மேஜைக்கு அடியில் ஒரே டேப்பில் சுற்றிக் கிடந்தன, ஒழுங்காக இருக்கட்டும் என்று நானே சுற்றியது. சீலிங் ஃபேன் ரெகுலேட்டரிலும் இதே கதை: விடாமல் சுழலும் குமிழ் உள்ள எலெக்ட்ரானிக் வகையில் டிரையாக் இருக்கும், கிளிக் கிளிக்கென்று படிப்படியாகப் போகும் கெபாசிட்டர் வகை பொதுவாகச் சாது. நல்லவேளை என் அறையில் இரண்டாவது வகை. சென்னையில் ஃபேனை அணைத்துவிட்டு வாசி என்றால் நான் இசையையே விட்டிருப்பேன்.

இவ்வளவு நெருக்கமான பற்கள் உள்ள இரைச்சலை ஈக்யூவால் எடுக்க முடியாது. அந்த இரண்டு டிராக்கையும் மறுபடி வாசித்தேன்.

போர்வை

இனி 'ஸ்ஸ்'. நேரம் அதிகம் எடுத்ததும் எனக்கு மிகவும் பிடித்துப்போனதும் இதுதான்.

எந்த ரெசிஸ்டரும் சும்மா இருக்கும்போதே இரையும். பெல் ஆய்வகத்தின் ஜான்சனும் நைக்விஸ்டும் 1928-இல் எழுதிக்காட்டியது. ஆனால் 10 கிலோ-ஓம் ரெசிஸ்டர் ஒன்று அறை வெப்பத்தில், காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குத் தருவது ஏறக்குறைய 1.8 மைக்ரோவோல்ட். வீட்டுக் கருவிகளின் லைன் அளவு சுமார் 0.3 வோல்ட். நடுவே நூறு டெசிபலுக்கு மேல் இடைவெளி. ஆகவே இயற்கையைக் குறை சொல்லி அர்த்தமில்லை. என் 'ஸ்ஸ்' வந்த இடம் கோரஸ், ஒலியைக் கொஞ்சம் தாமதித்து அதோடே சேர்த்துத் தடிமனாக்கும் எஃபெக்ட்.

அந்தக் காலத்து ஜப்பானிய பாலிசிந்த்களின் புகழே கோரஸில்தான் இருக்கிறது. 1982-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு குரலுக்கு ஒரே ஆசிலேட்டர்தான் (ஒலி பிறக்கும் இடம்), கோரஸை அழுத்தினால் அறை நிரம்பிவிடும். உள்ளே இருப்பது பிபிடி, அதாவது வாளிச் சங்கிலி. பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் இருவரும் 1969-இல் அறிவித்த யோசனை. ஊரில் வைக்கோல்போர் தீப்பிடித்தால் கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று குடம் கைமாற்றுவார்களே, அதேதான். ஒரு கெபாசிட்டரில் இருக்கும் மின்னேற்றத்தை அடுத்ததற்கு ஊற்றி, அடுத்ததிலிருந்து அதற்கடுத்ததற்கு. ஜூனோவின் சில்லில் 256 கைகள். கிளாக் 40 கிலோஹெர்ட்ஸில் தட்டினால் கடைசிக் கை வந்துசேர 3.2 மில்லிநொடி. கிளாக்கை மெதுவாக ஆட்டினால் தாமதம் ஆடும், ஒலி நீந்தும். ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் சிந்தும், அந்தச் சிந்தல்தான் 'ஸ்ஸ்'. இடது வலது இரண்டு சங்கிலியும் எதிரெதிராக ஆடுவதால் இரைச்சலும் ஒரு நிலையில் நிற்காது. பிளக்-இன் எடுத்த அச்சு பொருந்தாமல் குளுகுளுத்தது இதனால்தான்.

இன்னொன்று: கோரஸ் இருப்பது ஃபில்டருக்கும் (உச்ச ஒலிகளை வெட்டுவது) விசிஏவுக்கும் (சுரத்தின் சத்தத்தை ஏற்றி இறக்குவது) அப்புறம். சாவி தொடாதபோதும் இரையும், ஃபில்டரை மூடினாலும் இரையும். அதனால் இருட்டான, மூடிய பேட் ஒலியில்தான் 'ஸ்ஸ்' அம்மணமாக நிற்கும், மறைக்க உச்ச ஒலி எதுவும் இல்லை. வெளியே வரும் வால்யூமைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். விசிஏ லெவலைக் கூட்டினால் நடப்பது வேறு: சங்கிலிக்குள் போகும்போதே குடம் நிறைந்து போகிறது, சிந்தல் அதேதான், கடைசியில் மிஞ்சும் தண்ணீர் அதிகம். நண்பன் வைத்திருந்த பேட்சில் (ஒலி அமைப்பில்) அந்த லெவல் பாதிக்கும் கீழே இருந்தது. உடைகிற இடம்வரை ஏற்றி, அரை மயிரிழை இறக்கினேன். இரைச்சல் அப்படியே இருக்க, ஒலி எட்டு டெசிபல் போல மேலே வந்தது.

அப்புறம் கணக்கு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரைச்சல்கள் சேரும்போது, டிராக் இரட்டிக்க இரட்டிக்க 3 டெசிபல் ஏறும். எட்டு டிராக் என்றால் 9. சத்தமான இடங்களை அமுக்கி மொத்தத்தை உயர்த்தும் என் கம்ப்ரஸர் 4 ஏற்றும், மாஸ்டரிங் லிமிட்டர் 7. தனியாக மைனஸ் 72 டெசிபலில் யாருக்கும் தெரியாமல் இருந்தது மொத்தத்தில் மைனஸ் 52-இல் வந்து நிற்கிறது. டிரம்ஸ் நின்றதும் கம்ப்ரஸர் கையை எடுக்கிறது, இரைச்சல் இன்னும் எழும்புகிறது. தனித்தனி டிராக்காகக் கேட்டபோது எனக்குக் கேட்காமல் போனது இதனால்தான்.

இருட்டுப் பேடில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இசையே இல்லை என்பதால் லோ-பாஸ் போட்டு வெட்டினேன், ஒலியில் எதுவும் குறையவில்லை. பளிச்சென்ற கார்டுகளில் கை வைக்கவில்லை. அங்கே வெட்டினால் கோரஸின் காற்றும் போய்விடும். கோரஸை அணைத்துப் பதிந்து, பிளக்-இன் கோரஸ் போட்டும் பார்த்தேன். சுத்தம். கல்யாண மண்டபத்துக் கழுவிய தரை மாதிரி சுத்தம். திருப்பி எடுத்துவிட்டேன். மினிமூக் சிந்த் 1970-இலேயே இரைச்சலுக்கென்று தனி மூலம் வைத்து வந்தது, டிஆர்-808 டிரம் மெஷினில் இரைச்சலுக்கென்றே பொறுக்கி எடுத்த டிரான்சிஸ்டர் இருந்தது. இந்தக் கருவிகளிடம் மௌனத்தை எதிர்பார்ப்பதே கொஞ்சம் அநியாயம்.

பிரேக்கில் மட்டும், ஒலிக்காத டிராக்குகளைக் கையால் நறுக்கி, ஒவ்வொரு முனையிலும் நீளமான ஃபேடு. எட்டு போர்வையில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அது முழுவதும் தொடர்ந்து ஓடட்டும் என்று விட்டேன்.

மோனோ டிராக் மூன்றும் மிடியிலிருந்து மறுபடி ஓடின, அரை மணி நேர வேலை. இரண்டு பாலிசிந்த் டிராக் கையால். மீதி மூன்று பழையவை, அந்த டி3 உட்பட. அனுப்பிய மறுநாள் அண்ணன் போன் செய்தார்.

"கொசு போச்சு. ஆரம்பத்துல லேசா ஸ்ஸ்னு வருதே, அது வேணும்னு வச்சதா?"

"ஆமாண்ணா."

"சரி, இருக்கட்டும்."

டிம்மர் விளக்கு இப்போது அம்மா அறையில் இருக்கிறது. அவர் அதை எப்போதும் முழு வெளிச்சத்தில்தான் வைக்கிறார்.